இரண்டு சீட்டிலும் ஒரே வார்த்தை

காகிதத்தை விழுங்குவது நினைத்த அளவு கஷ்டமில்லை. தண்ணீர்கூடத் தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரிக் கழிவறையில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே அப்பா இருமுகிறார். அவசரப் பிரிவில் தம்பிக்கு மூச்சு வாங்குகிறது.

எங்கள் வீட்டில் என் கையெழுத்துதான் அழகு. அதனால் சீட்டு எழுதும் வேலை எனக்கு வந்தது. அப்பா ஒரு சின்னச் சபையின் போதகர். எந்த முடிவையும் தானாக எடுக்கமாட்டார். "நாளைக்கு நடக்கறது நமக்கென்ன தெரியும்? அப்போஸ்தலருங்களே சீட்டுத்தான் போட்டாங்க" என்பார். ஒன்றில் 'சரி', மற்றதில் 'வேண்டாம்'. டம்ளரில் போட்டு, ஜெபம் செய்து, கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். மிஞ்சியதை யாரும் பிரிக்கக் கூடாது. கர்த்தர் தள்ளினதை மனுஷன் பார்க்கக் கூடாதாம். அதைக் கிழித்துப் போடுவதும் என் வேலைதான்.

இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு ஒரு நாய்க்குட்டி வேண்டியிருந்தது. இரண்டிலும் 'சரி' எழுதினேன். இடி விழவில்லை. நாய் வந்தது. அடுத்து அத்தைக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல மாப்பிள்ளைதான். ஆனால் அத்தை போய்விட்டால் என் யூனிஃபார்மை யார் இஸ்திரி போடுவது? இரண்டிலும் 'வேண்டாம்'. "கர்த்தர் சித்தம்டி" என்று சொல்லிவிட்டு அத்தை வெங்காயம் நறுக்கப் போனாள். அன்றைக்குத் தேவைக்கு அதிகமாகவே நறுக்கினாள்.

நான் யாரையும் ஏமாற்றவில்லை. மனுஷன் கையை அசைப்பதே அவர்தான் என்று அப்பா பிரசங்கிக்கிறார். அப்படியானால் என் கையையும்தானே.

முந்தாநாள் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். மறுநாள் எனக்கு நீச்சல் போட்டி. போன வருடமும் அவனுடைய இதே வயிற்றுவலியால்தான் என்னால் போக முடியவில்லை. அது பொய் வலி.

"அக்கா, இந்த வாட்டி நெஜம்க்கா."

"போன வாட்டியும் இதையேதான் சொன்னே."

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் அத்தை. அப்பா டம்ளரை எடுத்தார். இரண்டிலும் 'காத்திரு' எழுதினேன்.

கர்த்தருக்கு ஓர் இரவு முழுக்க நேரம் இருந்தது. அப்பாவின் மனதைத் திருப்பியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. போட்டியில் எனக்கு இரண்டாவது இடம்.

இன்று டாக்டர், "குடல்வால் வெடிச்சிடுச்சு. ஏன் சார் நேத்தே கூட்டிட்டு வரலை?" என்றார்.

"கர்த்தர் காத்திருக்கச் சொன்னார்" என்றார் அப்பா.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கிழிக்க மறந்த இன்னொரு 'காத்திரு' சீட்டு பாவாடைப் பையிலேயே இருந்தது. அதைத்தான் விழுங்கினேன்.

அப்பா கதவைத் தட்டுகிறார். கீழ் இடுக்கு வழியாக ஒரு பேனாவும் இரண்டு துண்டுத் தாளும் வருகின்றன.

"ஆபரேஷன் பண்ணாப் பாதிக்குப் பாதியாம். பண்ணலேன்னா பொழைக்கமாட்டானாம். கையெழுத்துக் கேக்கறாங்க. எனக்கென்னம்மா தெரியும்? எழுதிக் குடு, அவரே சொல்லட்டும்."

முதல் தாளில் 'சரி' என்று எழுதிவிட்டேன். எல்லாம் கர்த்தர் கையில் என்றுதான் இத்தனை நாளும் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். பிறகு ஏன், அடுத்த தாளில் 'வேண்டாம்' என்று எழுதி அவரிடமே விட்டுவிட எனக்குக் கை வரவில்லை?