பழி சூப்பின் மேல்

ஹென்யா: ...ஆக, என் சூப்புதான் குற்றவாளி?

ஃபைவல்: வேற யாரு? தோரா வேதச் சுருள்ல ஒரு தோல் தாள் முடியற நேரம். உன் அடுப்பு ஆவி போய் ஆண்டவர் திருப்பெயர் மேல உட்கார்ந்து மை கலைஞ்சு போச்சு. திருப்பெயரைச் சுரண்டித் திருத்தவும் கூடாது, தூக்கி எறியவும் கூடாது. இனி முழுத் தாளையும் புதைக்கணும்.

ஹென்யா: கெட்டிக்கார ஆவிதான். சமையல்கட்டுல கிளம்பி, சாத்தின கதவுல நுழைஞ்சு, வேற ஒரு எழுத்தையும் தொடாம, நேரா அங்க போய்...

ஃபைவல்: கிண்டலா? சுவத்துல மாட்டின, காத்து ஈரம் காட்டற கருவி இருக்கே, அதைக் கேளு.

ஹென்யா: அது வந்ததுலேருந்து இந்த வீட்டுக்கு அதுதானே எஜமான். துணி உலர்த்தாதே, பிள்ளையை வெந்நீர்ல குளிப்பாட்டாதே... மூச்சு விடாதேன்னு மட்டும்தான் சொல்லலை.

ஃபைவல்: நம்ம ஸஃபெத் ஊர் மழைக்காலம், ஹென்யா. மை காயாது, தோல் சுருண்டுக்கும்...

ஹென்யா: எழுதறவர் பொண்டாட்டிக்கு இது கூடத் தெரியாதா? அது கிடக்கட்டும். வெளிய யார்கிட்டயாவது சொன்னீங்களா?

ஃபைவல்: சுருள் கேட்ட ஜெபக்கூடத்துல... காலைலயே சொல்லிட்டேன்.

ஹென்யா: என் பேரைச் சொல்லியா?

ஃபைவல்: வீட்டுல சூப்பு வச்சாங்கன்னு... அவ்வளவுதான்.

ஹென்யா: போதுமே! சாயந்திரத்துக்குள்ள ஊர்ப் பொம்பளைங்க வாயில நான்தான். திருப்பெயரை அழிச்சவ. நாளைக்கு மூத்தவளுக்கு வரன் வந்தாலும் முதல்ல இதைத்தான் விசாரிப்பாங்க.

ஃபைவல்: பெருசு பண்ணாதே...

ஹென்யா: நேத்து என்ன சாப்பிட்டீங்க?

ஃபைவல்: உப்பு மீனு... ரொட்டி.

ஹென்யா: முந்தாநாள்?

ஃபைவல்: மீனுதான். ஏன்?

ஹென்யா: சபாத் ஓய்வுநாள் முடிஞ்ச அன்னிக்கே கேஸ் தீர்ந்துடுச்சு. அடுப்பே எரியலை. ஏன் தினமும் மீனுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?

ஃபைவல்: அப்ப... பக்கத்து வீட்டு ஆவியா இருக்கும்.

ஹென்யா: அடேயப்பா! இனி அவங்களா? நேத்து குளத்துல முங்கிட்டு ஓடி வந்து உட்கார்ந்தீங்களே...

ஃபைவல்: திருப்பெயர் எழுதறதுக்கு முன்னாடி முங்கணும். அது எங்க வழக்கம்.

ஹென்யா: முங்குங்க, யாரு வேணாம்னா? துவட்டிக்கக் கூடாதுன்னு எந்த வழக்கம்?

ஃபைவல்: நீ... அப்ப எங்க இருந்தே?

ஹென்யா: குடிக்கத் தண்ணி எடுத்துட்டு வந்து கதவுகிட்ட நின்னேன். தாடியிலேருந்து திருப்பெயர் மேல சொட்டு விழுந்ததை நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீங்க. மெதுவா தாடியைத் துடைச்சீங்க. துண்டை மடிச்சு வச்சீங்க. அதுக்கப்புறம்தான், "ஹென்யா, அடுப்பை அணை"ன்னு கத்தினீங்க.