சுண்டுவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே

அந்த பிரஷ்ஷை ஜெயநகரில் படம் வரைகிற சாமான் விற்கும் கடையில் வாங்கினேன். கன்னத்தில் வைத்துப் பார்த்து, இருப்பதிலேயே மிருதுவானதை எடுத்தேன். நீங்கள் அதைப் பொட்டலமாகக் கட்டி முத்திரை வைத்திருக்கிறீர்கள், இருக்கட்டும். ஆனால் முடி மடங்கும்படி கட்டியிருக்கிறீர்கள். இனி அது எதற்கும் உதவாது. வீணா மேடம், நீங்கள் இன்ஸ்பெக்டர். உங்கள் துப்பாக்கியை நான் இப்படி வளைத்துக் கட்டி வைத்தால் சும்மா இருப்பீர்களா?

வக்கீல் வந்த பிறகு பேசினால் போதும் என்கிறார்கள் எங்கள் வீட்டில். எனக்கு வக்கீல் வேண்டாம். நான் செய்ததை நானே சொல்லிக்கொள்வேன். நடுவில் குறுக்கிடாதீர்கள், எனக்குப் பிடிக்காது.

என் பெயர் ஸ்ரீரஞ்சனி. தொம்மலூர் பக்கத்து மருத்துவமனையில் மூளையின் மின்சாரத்தைப் பதிவு செய்வது என் வேலை. அறுவைச் சிகிச்சை செய்பவர் சுந்தரேசன். அவர் வெட்டுவார், எங்கே வெட்டக்கூடாது என்று நான் சொல்வேன். பேட்டியும் மாலையும் அவருக்கு. வெண்ணெய் ஒருவர் கடைய, விரலை நக்குகிறவர் வேறொருவர் என்பது எல்லா ஆபீசிலும் உள்ளதுதான்.

ஷில்பா ஆஸ்டின் டவுன் பெண். பியூட்டி பார்லரில் நூல் வைத்துப் புருவம் திருத்துகிற வேலை. அவளுக்கு வலிப்பு உண்டு. எப்போதும் இடது கைச் சுண்டுவிரலில்தான் தொடங்கும். யாரோ தொடுகிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். உடனே கை முறுக்கிக்கொள்ளும். ஒருநாள் வாடிக்கைக்காரி ஒருத்தியின் இமையில் நூல் அறுத்து ரத்தம் வந்துவிட்டது. வேலை போயிற்று. கை சரியானால் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகப் பார்லர்க்காரி சொல்லியிருந்தாள். அந்த ஒரு ஆசையில்தான் மண்டையைத் திறக்கச் சம்மதித்தாள்.

சுந்தரேசன் திறந்து, மூளையின்மேல் மெல்லிய தகடு ஒன்றை வைத்தார். தகடு முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கம்பி முனைகள். மண்டையை மூடிக் கட்டுப்போட்டுப் படுக்கையில் விட்டு, மாத்திரையைக் குறைப்போம். வலிப்பு வரவேண்டும், வந்தால்தான் எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரியும். அது முற்றிப்போய்விடக்கூடாது என்பதற்காகத் தலையணை ஓரம் சிவப்புப் பொத்தான் ஒன்று தொங்கும். வரப்போகிறது என்று தோன்றியதும் நோயாளி அதை அழுத்தினால் நர்ஸ் ஊசியோடு ஓடிவருவார்.

வலிப்புக்குக் காத்திருக்கிற அந்த நாட்கள் எனக்கு உரியவை. கண்ணைக் கட்டி, பிரஷ்ஷால் விரல் விரலாகத் தடவுவேன். தொடுவது தெரிந்தால் அழுத்து என்று ஒரு கறுப்புப் பொத்தானைக் கொடுப்பேன். அவள் அழுத்தினால் என் திரையில் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். எந்த விரலுக்கு மூளையில் எந்த இடம் துடிக்கிறது என்று நிறம் தீட்டிக்கொண்டே வருவேன். சுண்டுவிரலில் தொடங்கி வரிசையாகக் கட்டைவிரல். அதற்கு அடுத்த வீடு முகம், உதடு. ஒரு மனுஷியின் தொடுகை முழுவதும் உள்ளங்கை அகலத்தில் அடங்கிவிடும். அதைப் பார்க்கும்போது எனக்கு வருகிற சந்தோஷத்தை உங்களிடம் சொல்லிப் பயனில்லை.

ஷில்பாவின் படத்தைப் போல அழகான படம் எனக்கு அதுவரை அமைந்ததில்லை. ஒரு குறை. சுண்டுவிரல் முடிந்து உள்ளங்கை தொடங்குகிற இடம் மட்டும் வெறுமையாக நின்றது. அங்கே தடவும்போதெல்லாம் வலிப்பின் அலை குறுக்கே புகுந்து பதிவைக் கெடுத்தது. இரண்டாம் தடவையே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த இடத்தைத் தொட்டால் அவளுக்கு வலிப்பு கிளம்புகிறது. பிரஷ்தான் அதைக் கூப்பிடுகிறது.

சுந்தரேசனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் பிரஷ்ஷைப் பிடுங்கி வைத்துவிடுவார். அதனால் சொல்லவில்லை.

ஷில்பாவுக்கும் தெரிந்திருந்தது. "மேடம், இன்னிக்கு சுண்டுவெரல் மட்டும் வேணாம் மேடம். அங்க தொட்டாலே ஒரு மாதிரி ஆவுது," என்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. புருவம் பிடுங்குகிற பெண், எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று எனக்குச் சொல்கிறாள். சிரித்துக்கொண்டே, "ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன் இல்லையா," என்றேன். அவள் சரி என்றாள். கட்டாயப்படுத்தவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் சுந்தரேசன் மறுநாள் காலை தகட்டை எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டதாம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்க நாள் குறிக்கிறார். என் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று மத்தியானம் போனேன். அவள் அம்மா லட்சுமம்மா கட்டிலை விட்டு நகரமாட்டாள். "டாக்டரம்மா, பாப்பாக்கு காலைல இருந்தே கை ஜும்முனு இருக்குதாம். ஸ்வல்ப, கொஞ்சம் பாத்துக்கோங்க," என்றாள். பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்ச் சாப்பிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். பக்கத்து அறையில் திரையைக் கவனிக்கிற சுனிலையும் சாப்பிட அனுப்பினேன். போகும்போது, வலிப்பலை தெரிந்தால் அடிக்கிற மணிச்சத்தத்தை நிறுத்திவிடச் சொன்னேன். சத்தம் கேட்டால் மூளை அதற்கும் துடிக்கும்; தொடுகைப் பதிவில் கலந்துவிடும். இது எங்கள் வழக்கம், நான் புதிதாகக் கண்டுபிடித்த தந்திரம் இல்லை.

சிவப்புப் பொத்தானை நான்தான் எடுத்தேன். கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு பொத்தான் இருந்தால் குழப்பம். கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில், அவளுக்குப் பின்னால் சுற்றிவைத்தேன். கண் கட்டியிருந்ததால், "அது எங்க மேடம்?" என்று தடவிப் பார்த்தாள். கறுப்புப் பொத்தானை வலது கையில் கொடுத்து, "இதோ இருக்கு," என்றேன். பிறகு பதிவைக் கேட்டுவிட்டு, அது பொய் என்கிறார் சுனில். நான் எதைச் சொன்னேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் போய்விட்டாரே.

தடவினேன். அழுத்தினாள். மூன்றாவது தடவையில் அந்த இடம் துடித்தது, சுத்தமாக, எந்தக் கலப்பும் இல்லாமல். படம் பூர்த்தியாயிற்று. நியாயமாக அங்கே நான் எழுந்திருக்க வேண்டும்.

ஆனால் திரையில் சுண்டுவிரல் அணையவில்லை. மோதிரவிரல் எரிந்தது. பிறகு நடுவிரல், ஆள்காட்டி, கட்டை. நான் தீட்டிய அதே வரிசையில், வலிப்பு வாசல் வாசலாக விளக்கு வைத்துக்கொண்டு போவதுபோல. எத்தனை வருஷம் தடவினாலும் கிடைக்காத பதிவு தானாக வருகிறது. அடுத்து உதடு என்று எனக்கு முன்பே தெரியும். உதடு வந்தது. பாப்பா வாய்விட்டுக் கூப்பிட்டிருக்கலாமே என்று லட்சுமம்மா கத்தினாளாம். வாய் கோணிய பிறகு யாரைக் கூப்பிடுவது? வலது கை மட்டும் அவள் வசம் இருந்தது.

லட்சுமம்மா புளியோகரைச் சோற்றுப் பொட்டலத்தோடு உள்ளே வந்து, பின்னால் கிடந்த சிவப்புப் பொத்தானைத் தேடி அடித்தாள். நர்ஸ் வந்தார், ஊசி போட்டார். அதற்குள் உடம்பு முழுக்கப் பரவிவிட்டது. எந்த மருந்துக்கும் நிற்கவில்லை. சாயங்காலம் செத்துப்போனாள்.

எழுதுங்கள்: தெரிந்துதான் தடவினேன், தெரிந்துதான் பொத்தானை மாற்றினேன், தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இரண்டு விஷயத்தை நீங்கள் திருத்த வேண்டும். அவள் போராடினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. தொடுவது தெரிந்தால் அழுத்து என்று சொல்லியிருந்தேன். திரையில் கோட்டுக்குமேல் கோடாக, கடைசிவரை அழுத்திக்கொண்டே இருந்தாள். அவ்வளவு ஒழுங்காக ஒத்துழைத்த பெண்ணை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, அந்த பிரஷ்ஷைக் கொலைக்கருவி என்று குறிக்காதீர்கள். அவள் அப்படி அழுத்த ஆரம்பித்தபோது நான் அவளைத் தொடவே இல்லை. பிரஷ்ஷைக் கழுவி, மேசைமேல் காய வைத்திருந்தேன்.