ஆஸ்பத்திரிக்கு ஒரு துபாசி

— அந்த வரியையும் ஏங்க அடிக்கச் சொல்றீங்க? துரைமாருக்குப் போற மனு இப்படியா கோழி கிளறின மாதிரி இருக்கும்?

— அடிச்சுடு, மேரி. கொர்னெட் ஊதுவேன்னு எழுதி என்ன ஆவப்போவுது? நோயாளி காதுல போயா ஊதப் போறேன்?

— கேளுங்களேன். ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணியா இருந்தேன்னு எல்லாருந்தான் எழுதுவான். ரப்பர் தோட்டத்துக் கித்தா விலை விழுந்ததுலேருந்து பீச் ஸ்ட்ரீட் பூராவும் வேலை போன கிராணிதானே? நோயாளி பேச்சை டாக்டருக்கு மாத்திச் சொல்லப் பெரியாஸ்பத்திரிக்குத் தமிழ்த் துபாசி வேணும்னா அத்தனை பேரும் மனுப் போடுவாங்க. அந்த மனுக் கட்டுல இந்தப் பெர்னார்ட் யாருன்னு துரைக்கு எப்படித் தெரியும்? ஆபீஸ் விட்டு வந்தப்புறம் ஒரு மனுசன் என்ன செய்யுறான்னு பார்த்தாத்தானே தெரியும்?

— அதாவது, சும்மா பொழுதுபோக்குக்குச் செய்யுறதெல்லாம் ஒரு தகுதியா?

— சும்மாவா! மாதா தேர் அன்னைக்கு நீங்க கொர்னெட்டை வாயில வச்சா சடக்குல போற வண்டியெல்லாம் நின்னு போவுது. அவ்வளவு மூச்சுப் பிடிக்கிறவன் பொறுமைசாலின்னு துரைக்குப் புரியாதா?

— பக்கத்து வீட்டுச் சீனத் தையக்காரன் சுவத்துல தட்டுறானே, அதையும் சேர்த்து எழுது.

— சிரிக்காதீங்க. சரி, ஊதுறதை விட்டேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் துறைமுகத்துக் கூலிங்க குடியிருக்கிற லயத்துக்குப் போயி, மூட்டை தூக்குறவங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தீங்க. அதை எழுதுறேன்.

— யாரு சொல்லிக் கொடுத்தது?

— நீங்க.

— அதாவது, நான் சிலேட்டு சுமந்தேன். சொல்லிக் கொடுத்தது நீ. அந்த மூட்டை தூக்குற அர்ஜுனன் தன் பேரைத் தானே எழுதினப்ப யார் கால்ல விழப் போனான்? என் கால்லயா?

— ரெண்டு பேருந்தானே போனோம்! புருசன் வேற, பெண்டாட்டி வேறயா?

— மனுவுல வேறதான். அடி.

— மாதாவே, அடிச்சாச்சு. காய்ச்சல் பரவின வருசத்தையாவது அடிக்காம விடுங்க. லயத்துப் பக்கம் ஒரு ஈ காக்கா போகாதப்ப, கஞ்சிப் பானையைத் தூக்கிட்டுப் போனீங்க.

— வாசல் வரைக்கும் போனேன். அதுக்கு மேல காலு வரலை, மேரி. நீ பானையை என் கையிலேருந்து வாங்கினே, முந்தானையை மூக்குல சுத்தினே, உள்ளே போயிட்டே. நான் வெளியில நின்னு ஜெபமாலை உருட்டினேன். அதையும் அடி.

— உங்களுக்கு என்னதாங்க ஆச்சு? வேலை போனதுலேருந்து எதைச் சொன்னாலும் ‘நான் இல்ல, நான் இல்ல’. கம்பெனிக்காரன் போகச் சொல்லிட்டா நீங்க ஒண்ணுத்துக்கும் ஆகாதவரா? என் புருசன் யாருன்னு எனக்குத் தெரியும். ஒரு பொம்பளை கூலி லயத்துக்குள்ள போறதான்னு கோயில் வாசல்ல எல்லாரும் வாயில போட்டு மென்னாங்களே, அன்னைக்கு என்ன சொன்னீங்க? ‘அன்னமேரி போவா, நானும் கூடப் போவேன்’னீங்க. அத்தனை பேர் முன்னால! அதை நான் எந்த இடத்துல எழுதட்டும்?

— அதை எங்கேயும் எழுத வேணாம். அதை மட்டும் நான் வச்சிக்கிறேன்.

— போங்க... அப்ப அந்த லயத்துத் தனலெட்சுமி பிரசவத்தை எழுதுறேன். அதை அடிக்கவே விடமாட்டேன். ‘ஆஸ்பத்திரிக்கு அஞ்சிய பெண்ணுக்குத் தைரியம் சொல்லி அழைத்து வந்தார்’.

— அவகிட்ட நான் என்ன தைரியம் சொன்னேன்?

— நீங்க ரிக்சா பிடிக்கப் போயிருந்தீங்க.

— நீ என்ன சொன்னே?

— என்னத்தைச் சொல்ல? உயிரோட அறுத்துடுவாங்கன்னு பயந்து கதவைப் பிடிச்சிக்கிட்டா. இழுத்தா வருவாளா? பக்கத்துல உட்கார்ந்துட்டேன். ‘உன்னைத் தொடுறதுக்கு முன்னாடி என்ன செய்யப் போறாங்கன்னு நான் தமிழ்ல சொல்லிடுறேன். நீ தலையாட்டினாத்தான் தொடுவாங்க’ன்னேன். அங்க போனதும் டாக்டர்கிட்ட அதையே இங்கிலீசுல சொன்னேன். முதல்ல முறைச்சாரு. அப்புறம் நான் சொன்ன மாதிரியே செஞ்சாரு. கன்னியாஸ்திரிங்க சொல்லிக் கொடுத்த இங்கிலீசு ஒரு உயிருக்கு உதவிச்சுன்னு வீட்டுக்கு வந்து சிரிச்சேனே, மறந்துட்டீங்களா? ஏன் அப்படிப் பார்க்குறீங்க?

— ஒண்ணுமில்ல. காலையில நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன்.

— காலையிலயா? யார்கிட்ட?

— பசாருக்குப் போறேன்னு கிளம்பினேன்ல? பசாருக்குப் போகலை. பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். மனுவை முந்தாநாளே கொடுத்தாச்சு, மேரி. கிராணி வேலை, சர்டிபிகேட், அவ்வளவுதான் அதுல. புது டாக்டர் துரை படிச்சிட்டுக் கீழ வச்சிட்டாரு. ஆபீஸ் நேரம் போக என்ன செய்வேன்னு கேட்டாரு.

— பார்த்தீங்களா! நான் என்ன சொன்னேன்! வாயைத் திறந்தீங்களா இல்லையா?

— திறந்தது மூடவே இல்ல. லயம், கஞ்சி, தனலெட்சுமி, எல்லாத்தையும் சொன்னேன். வேலை போனதுலேருந்து ஒரு துரை முன்னாடி நான் அப்படி நெஞ்சை நிமித்தி உட்கார்ந்ததே இல்ல.

— துரை என்னங்க சொன்னாரு?

— ஒவ்வொண்ணுக்கும் ‘அதைச் செய்தது யார்?’னு கேட்டாரு. ‘என் மனைவி’ன்னேன். திரும்பக் கேட்டாரு. திரும்பவும் ‘என் மனைவி’ன்னேன்.

— அய்யோ மாதாவே! வர்ற வேலையை இப்படியா காலால உதைப்பாங்க? ஒரு தடவையாவது ‘நான்’னு சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க? இதுக்கப்புறம் அவர் எங்க வேலை கொடுக்கப் போறாரு!

— கொடுத்துட்டாரு.

— நிசமாவா? ஏங்க, நிசமாத்தானா? என்னைக்கு வரச் சொன்னாரு?

— திங்கக்கிழமை.

— திங்கக்கிழமையா! இதை முதல்லயே சொல்லக் கூடாதா? இவ்வளவு நேரம் என்னை எழுத விட்டு வேடிக்கை பார்த்தீங்களா? உங்க கோட்டை இன்னைக்கே வெளுக்கப் போடணும், பித்தான் வேற ஒண்ணு தொங்குது...

— கோட்டு வேணாம், மேரி. திங்கக்கிழமைக்கு உன்கிட்ட இருக்கிறதுல நல்ல சேலையா ஒண்ணு எடுத்து வை.