ஏழாவது நம்பர்

கட்டம் போட்ட தாள் ஒண்ணு இருந்தா குடுங்க சார். வாயால சொல்றதவிட படம் போட்டுக் காட்டுனா சீக்கிரம் புரியும். எங்க கம்பெனியிலயும் எல்லாருக்கும் அப்படித்தான் புரிய வச்சேன்.

எண்ணெய்த் தொட்டி பிரிவுல நாங்க ஆறு பேரு. வாரம் ஒரு தொட்டியக் காலி பண்ணி, ஒருத்தன் உள்ள இறங்கி அடியில தங்குன கசடச் சுரண்டணும். அந்த நாத்தம் எத்தனை தடவை குளிச்சாலும் ரெண்டு நாளைக்கு உடம்ப விட்டுப் போகாது. யாரு இறங்கறதுன்னு எப்பவும் சண்டை. கம்ப்யூட்டர் தெரிஞ்சவன் நீதானே, ஆள் பொறுக்க எதாவது பண்ணுன்னு சூப்பர்வைசர் என்கிட்ட விட்டாரு.

பண்ணேன். கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பகடை. என்னையும் சேத்து ஆளுக்கு ஒரு நம்பர். எது விழுதோ அந்தப் பேரு திரையில வரும்.

அந்த ஆறு பேருல ஒருத்தன் என் மாப்ள, தங்கச்சி புருஷன். நான்தான் வேலை வாங்கிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தேன். எங்க ரூம்லதான் அவனுக்கும் கட்டில். வந்த கொஞ்ச நாள்லயே ரூம் மொத்தமும் அவன் பக்கம் சாஞ்சிடுச்சு. அவன் பேசுனா வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிப்பாங்க. நான் உள்ள போனா, "கணக்கு வந்துட்டாரு, எண்ணி எண்ணிச் சிரிங்கப்பா"ம்பான். அதுக்கும் சிரிப்பாங்க. தங்கச்சி போன் பண்ணா முன்னயெல்லாம் என் காய்ச்சல், தலைவலி எல்லாம் விசாரிப்பா. அவன் வந்தப்புறம் எடுத்த எடுப்புல, "அண்ணே, அவரு பக்கத்துல இருக்காரா?" போனை நீட்டிட்டு நான் வெளிய போய் நின்னுக்குவேன்.

அதனால பகடைக்கு ஏழாவதா ஒரு முகம் வச்சேன். ஏழு விழுந்தாலும் அவன் பேருதான் வரும். பெரிய விஷயம் இல்ல சார். ரெண்டு நாள் நாறட்டும், யாரும் பக்கத்துல உக்காராம இருக்கட்டும்னுதான் நெனச்சேன். மூக்கப் பொத்திக்கிட்டு அவன் பக்கத்துலயே உக்காந்து சிரிச்சாங்க. அத நான் எதிர்பார்க்கல.

சில மாசம் போச்சு. எங்க ஆறு பேருல ஒருத்தரு, வெல்டர், மோப்பம் புடிச்சிட்டாரு. "என்னப்பா கணக்கு, சுத்திச் சுத்தி உன் மாப்ள தலையிலயே விழுது? வீட்டுல எதாவது தகராறா?"

மறுநாள் எல்லாரையும் திரை முன்னாடி நிக்க வச்சேன். காட்டறதுக்கு மட்டும் நேர்மையான பகடை, ஆறே முகம். இதுவரைக்கும் எத்தனை வாரம் போயிருக்கோ அத்தனை தடவை உருட்டச் சொன்னேன். யாருக்கு எத்தனை தடவை விழுந்துச்சுன்னு காட்ட ஆளுக்கு ஒண்ணா ஆறு கட்டை எழும்புச்சு. ஒண்ணு பொகைக்கூண்டு மாதிரி, ஒண்ணு குட்டையா. திரும்ப உருட்டுனேன். இந்தத் தடவை ஒசந்து நின்னது வெல்டரோட கட்டை.

"பாத்தீங்களாண்ணே, யாரும் ஏமாத்தல. ஆனாலும் ஒருத்தர் மாட்டுறாரு."

அப்புறம் ஆயிரம் வாரத்துக்கு உருட்டுனேன். கட்டையெல்லாம் கிட்டத்தட்ட ஒரே மட்டமா நின்னுச்சு. அதுல ஒரு பொய் இல்ல சார். இன்னொரு படமும் காட்டியிருக்கலாம். நேர்மையான பகடையில ஒருத்தன் எத்தனை தடவை மாட்டுவான்னு போட்டா, நடுவுல ஒரு மேடு வரும். மாப்ள அந்த மேட்டுலயே இருக்க மாட்டான், ஓரத்துல ஒல்லியா ஒரு வால் இருக்கும் பாருங்க, அங்க நிப்பான். அத நான் மட்டும் பாத்துட்டு மூடிட்டேன். யாரும் கேக்கல.

என் படத்த எல்லாரையும்விட நம்புனது மாப்ளதான். அந்த சமயம் தொட்டிக்குள்ள காத்து அனுப்புற ஃபேன் மக்கர் பண்ண ஆரம்பிச்சிருந்துச்சு. சூப்பர்வைசர் அவன்மேல பாவப்பட்டு, பேக்கிங் பிரிவுல ஒரு இடம் இருக்கு, போறியான்னு கேட்டிருக்காரு. நேரா என்கிட்ட வந்தான்.

"மச்சான், நான்தான் நெறைய இறங்கிட்டேன்ல? கட்டையெல்லாம் மட்டமாகணும்னா இனிமே மத்தவனுங்களுக்குத்தானே விழணும்? பேசாம இங்கயே இருந்துடவா? பேக்கிங்ல போனா சிரிக்க ஒரு நாதி இல்ல."

இந்தக் கணக்குல எல்லாரும் போய் விழற குழி இதுதான் சார். பகடைக்கு ஞாபகம் கிடையாது. பழச அது ஈடு கட்டாது. ஆயிரம் வாரக் கூட்டத்துல பழைய வித்தியாசம் சிறுசாத் தெரியுது, அவ்வளவுதான். ரெண்டு வார்த்தையில சொல்லியிருந்தா அவனுக்குப் புரிஞ்சிருக்கும். கெட்டிக்காரன்.

"இரு மாப்ள, இனி உனக்கு வராது"ன்னேன்.

அவன் என் தோள்ல கை போட்டான். அத்தனை நாள்ல அன்னைக்குத்தான் போட்டான்.

அடுத்த வாரம் பட்டனத் தட்டுனேன். மத்தவங்களுக்குப் பேரு மட்டும்தான் தெரியும். நம்பர் எனக்கு மட்டும் மூலையில சின்னதா வரும். ஏழு. "இந்தக் கம்ப்யூட்டருக்கு என்மேல காதல்ப்பா"ன்னு சொல்லிக்கிட்டே பூட்ஸ மாட்டுனான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்னு நெனக்கிறேன். அவன் உள்ள இருக்கும்போது ஃபேன் நின்னுபோச்சு. கயிறு கட்டி மேல இழுத்தப்ப மூச்சு இல்ல.

ஆமா சார், நான்தான் அனுப்புனேன். எழுதிக்கோங்க.

கூடவே இதையும் எழுதிக்கோங்க. அப்புறம் நேர்மையான பகடைய வச்சு, அந்த ஒரு நாள மட்டும் திரும்பத் திரும்ப உருட்டிப் பாத்தேன். அதுலயும் ஆறுல ஒரு பங்கு அவன்தான் இறங்கறான், என் கை படாமலே. தங்கச்சிக்குக் காட்டணும்னு அந்தப் படத்த பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். அவளுக்கு இதெல்லாம் பாத்தாப் புரியாது. பக்கத்துல உக்காந்து பொறுமையா சொல்லிக் குடுக்கணும். இனிமே அவ என்கிட்டதானே சார் பேசியாகணும்.