மேனேஜருக்கு ஒரு ட்ரெயினர்

இல்ல தம்பி, கடிக்க மாட்டான். உங்க செருப்பத்தான் மோந்து பாக்குறான், விடுங்க. பேரு மேனேஜர். என் பையன் வச்சது. வேலை ஒண்ணும் செய்யாம எல்லாரையும் பாத்துக் குரைக்கிறான்ல, அதான்.

குளிர் கிடங்குல நைட் ஷிப்ட் எனக்கு. இப்பதான் முடிச்சு, வீட்டுக்குப் போயி இவன மட்டும் இழுத்துக்கிட்டு வர்றேன். வெயில்ல நின்னாலும் விரல் இன்னும் மரத்துதான் கிடக்கு. கொட்டாவி விட்டா தப்பா எடுத்துக்காதீங்க.

உங்களுக்கு முன்னாடி மூணு ட்ரெயினரப் பாத்தாச்சு. மொத ஆளு, ஒரு மாசம் எங்கிட்ட விட்டுட்டுப் போங்கன்னாரு. இவன அனுப்பிட்டு வீட்டுல நாங்க புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் என்ன பண்றதாம்? அடுத்தவரு வீடியோ அனுப்புறேன், பாத்துக்கோங்கன்னாரு. மூணாவது ஒரு அம்மா. தங்கமான மனுஷி, ஒரு அதட்டல் கிடையாது. ஆனா பகல்லதான் வருவாங்களாம். பகல்ல என் வீட்டுக்காரி தையல் கம்பெனில இருப்பா. நான் மட்டும் நின்னு என்ன ஆகப்போகுது?

ஆமா, அவளும் இருக்கணும். கண்டிப்பா இருக்கணும்.

சண்டையெல்லாம் இல்ல தம்பி. சண்டை போடவும் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முழிச்சிருக்கணும்ல. பையன் வேலைக்குன்னு வெளியூர் போனதுலேருந்து எங்க நடுவுல இவன்தான். நான் உள்ள நுழைஞ்சா, வந்துட்டாரு பாருடா உங்கப்பான்னு இவன்கிட்ட சொல்லுவா. கேஸ் தீரப்போறதையும் இவன்கிட்டதான் சொல்லுவா. நானும், உங்கம்மாவுக்கு இருமல் இன்னும் நிக்கலையாடான்னு இவனத்தான் கேப்பேன். இவன் என்ன பண்ணுவான் பாவம், வால ஆட்டுவான். போன வாரம் ஒரு நாள் இவன் மாடில போயித் தூங்கிட்டான். நாங்க ரெண்டு பேரும் சமையல்கட்டுல நிக்கிறோம். நான் தீப்பெட்டியத் திருப்பித் திருப்பிப் பாக்குறேன் தம்பி. அவ கழுவுன டம்ளரையே திரும்பக் கழுவுறா.

நீங்க வீட்டுக்கே வந்து எல்லாரையும் நிக்க வப்பீங்களாமே. ஆளாளுக்கு ஒரு வார்த்த சொன்னா நாய் குழம்பிரும், உக்காந்து பேசி ஒரே வார்த்தையா முடிவு பண்ணுங்கன்னு பிடிவாதம் பிடிப்பீங்களாம். அந்தத் தொல்ல தாங்காமயே பாதிப் பேரு ஓடிடுவாங்கன்னு பக்கத்துத் தெருக்காரரு சொன்னாரு. அதக் கேட்டுத்தான் உங்களத் தேடி வந்தேன்.

சாயங்காலம் வர முடியுமா? அவ வந்ததுக்கும் நான் கிளம்புறதுக்கும் நடுவுல கொஞ்ச நேரம் கிடைக்கும். சரி, சந்தோஷம். ஆனா சட்டுனு முடிச்சிராதீங்க. மெதுவாவே ஆகட்டும்.

இவனுக்கு இப்ப என்ன தெரியும்னா கேக்குறீங்க? டேய் மேனேஜர், உக்காரு. பாத்தீங்களா. படு. ம். எந்திரி, கை குடு. பகல்ல தூக்கம் வராதப்ப நானே சொல்லிக் குடுத்தேன். எல்லாம் எப்பவோ கத்துக்கிட்டான். அவளுக்குத் தெரியாது.

அதனால வீட்டுக்கு வரும்போது உக்காருன்னு மட்டும் சொல்லிராதீங்க தம்பி, உடனே உக்காந்துருவான். வேற ஏதாவது ஒரு வார்த்த வச்சுக்கலாம். அத நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கிறோம்.