மேடேற மறுத்த கார்

அந்தமானில், ரங்கத்திலிருந்து மாயாபந்தர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்: "பெட்ரோல் மூடியைத் தொறந்துவிட்டா மட்டும் எங்க காரு மேடு ஏறுச்சு."

அதற்குப் பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"பழைய வண்டிதானே அக்கா. இன்ஜின் போயிருக்கும்."

"எங்க வீட்டுக்காரரும் அதேதான் சொன்னாரு. ஏத்தத்துல இழுக்கவே இல்ல, பாதியில மூச்சு வாங்கி நின்னுரும். பழைய இரும்பு வாங்குற கபாடிக்காரன்கிட்ட பேசி, அவனும் வண்டியை எடுத்துட்டுப் போக வந்துட்டான்."

"அய்யோ."

"எனக்கு ஒரு சந்தேகம். மூடியைத் தொறந்தா உஸ்ஸுன்னு காத்தை உள்ள இழுக்குது. கொஞ்ச தூரம் நல்லா ஓடுது, மறுபடி படுத்துக்குது. டாங்குக்குக் காத்து போற வழி அடைச்சிருக்குன்னேன். பாகல் மாதிரி, பைத்தியம் மாதிரி பேசாதேன்னாரு."

"அடைச்சிருந்துச்சா?"

"காத்துக் குழாய்க்குள்ள குளவி மண்கூடு கட்டியிருக்கு. கம்பியை விட்டு நானே குத்தி எடுத்தேன். கபாடிக்காரன் டீ குடிச்சுட்டு வெறுங்கையோட போனான்."

"அப்புறம் ஏன் அக்கா பஸ்ல வர்றீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் பின்னால் ஹாரன் கேட்டது. பஸ் முதல் கியரில் முனகியபடி மேடேறிக்கொண்டிருந்தது. பழைய வெள்ளைக் கார் ஒன்று, சீட்டிலும் கூரையிலும் பாக்கு மூட்டைகளோடு, எங்களைத் தாண்டிப் போய் வளைவில் மறைந்தது.

"அதான்," என்றார் அந்த அம்மாள், காலை நீட்டிக்கொண்டு. "மூட்டை அத்தனையும் ஏறிருச்சு. எனக்குத்தான் எடமில்ல."