காரின் நெற்றி

சனிக்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்குச் சிரம்பானிலிருந்து புறப்பட்ட பேருந்து. செம்பனை மரங்களின் நிழல் சன்னல் வழியே எல்லோர் மடியிலும் ஓடிக்கொண்டிருந்தது. முன் இருக்கையில் நடுவயது நண்பர்கள் இருவர்.

“கார் முழுக்க வேக்ஸ் போட்டுத் தேச்சிட்டேன் மச்சான். நெத்திய மட்டும் விட்டுட்டேன்.”

“காருக்கு ஏதுடா நெத்தி?”

“பொனட்டு நடுவுலலா. சாந்தி வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம பொட்டு வைக்கிற எடம். போன வாரம் கழுவுறப்ப அதையும் தொடச்சிட்டேன். ‘கறை மாதிரி இருக்கு’ன்னு வாய விட்டுட்டேன்.”

“பொண்டாட்டிகிட்டயா? நல்லா வேணும் ஒனக்கு.”

“அன்னைக்கே கோலா சாவாவுக்கு, அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறா.”

“அதுக்கு எதுக்கு நெத்திய விட்ட?”

“வேக்ஸ் மேல சந்தனம் நிக்காதுடா, வழுக்கிடும்.”

பேருந்து ஒரு வளைவில் மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தது. சொன்னவரின் நகக்கண்ணில் மெழுகு வெள்ளையாக ஒட்டியிருந்தது.

“காரு கண்ணாடி மாதிரி நிக்குது. அதுல போய் எறங்காம, பஸ்ல போய் கூப்புடுறியே!”

“பொட்டு இல்லாம நான் ஓட்டுனா அவளுக்குப் பயம் மச்சான். அவ வந்து வைக்கட்டும், அப்புறம் எடுக்கிறேன்.”